தொடர்மாடி வசதிகள்: குடுக்கிற காசுக்குப் பெறுமதியோ?

கொக்குவில்காரன்:
யாழ்ப்பாணத்தில தொடர்மாடி விளம்பரத்தைப் பார்த்தால் நீச்சல் தடாகம், ஜிம், ஜெனரேற்றர் எண்டு பட்டியல் நீளுது. வீட்டு விலைக்குள்ள அதுக்கும் சேர்த்துத்தான் வாங்கினம். பிறகு மாதாமாதம் பராமரிப்புக் காசு. சதுர அடிக்கு 20 ரூபா எண்டு வையுங்கோ, 1,100 சதுர அடி வீட்டுக்கு மாதம் 22,000, வருசத்துக்கு 264,000. தடாகத்தில கால் வைக்காதவரும் கட்டத்தான் வேணும். இஞ்ச தடாகம் வீண்செலவு.

நல்லூர்_நிலா:
எல்லாத்தையும் ஒரே தராசில போடாதேங்கோ அண்ணை. வயசுபோன ஆக்கள் நாலாம் மாடி ஏற லிப்ற் வேணும். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிண்டதை மறக்கேலுமே? தடாகமும் பிள்ளையள் நீந்தப் பழக நல்ல இடம். 10 மீற்றர் நீளம், 5 அகலம், 1.2 ஆழம் எண்டால் 60,000 லீற்றர். ஒருக்கா நிரப்பினால் வடிகட்டி வடிகட்டிப் பாவிக்கலாம்.

தண்ணிக்கணக்கு:
நிரப்பினதோட முடியாது தங்கச்சி. சோழகம் வீசேக்க நாளுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும். 50 சதுர மீற்றருக்கு அது 250–300 லீற்றர். மணல் வடிகட்டியைக் கழுவ ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 800 லீற்றர்.

தண்ணியை விட மோசம் சுண்ணாம்பு. கல்சியம் ஹைப்போகுளோரைற் தூள் போட்டால், ஏற்கெனவே கல்சியம் கூடின எங்கட கிணத்துத் தண்ணியில இன்னும் ஏறும். பிஎச், அதுதான் தண்ணியின்ர அமில-கார அளவு, கூடினால் ரைல்சில வெள்ளையாப் படியும், வடிகட்டி மணல் கட்டிபிடிக்கும். திரவக் குளோரின் ஊத்தினால் பிஎச் கூடும், அதை இறக்க அமிலம் வேணும். ரைகுளோர் எண்ட குளோரின் வில்லையைப் போட்டால், வெயிலில குளோரின் கலையாமல் காக்கிற சயனூரிக் அமிலம் தண்ணியில சேர்ந்துகொண்டே போகும். அது கூடினால் குளோரின் இருந்தும் கிருமி கெதியில சாகாது. குறைக்கிறதெண்டால் பாதித் தண்ணியை வெளியில விடவேணும். மாரியில அதுவும் ஆபத்து: நிலத்தடி நீர் மேல வந்திருக்கேக்க தடாகத்தை வெறுமையாக்கினால் கீழிருந்து தள்ளுற அழுத்தத்தில தளம் வெடிக்கும்.

நல்லூர்_நிலா:
வேதியியல் சரி. தண்ணிக் கணக்கை முழுக்கப் போடுங்கோவன். 24 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 120 லீற்றர் எண்டால் நாளுக்கு 11,520 லீற்றர். அதில உங்கட 300 லீற்றர் மூண்டு வீதம் கூட இல்லை. இரவில விரிப்புப் போட்டு மூடினால் இன்னும் குறையும். தாளையடியில கடல்நீரை நன்னீராக்கிற நிலையமும் 2024இல திறந்திட்டினம். குழாய்த்தண்ணி வாற இடத்தில கிணத்துக்கு ஏன் பயம்?

கொக்குவில்காரன்:
குழாய்த்தண்ணிக்கு மீற்றர் இருக்கெண்டதால கட்டிடக்காரர் குழாய்க்கிணறுதான் அடிப்பினம். ஆழமா அடிச்சு வேகமா இறைச்சால், நல்லதண்ணிப் படைக்குக் கீழ கிடக்கிற உப்பு மேல ஏறும். பக்கத்து வளவுக் கிணறும் சேர்ந்து உவராகும். அந்த வளவுக்காரர் தடாகத்துக்குக் காசு கட்டினவரோ?

மோட்டர்_பெட்டி:
ரெண்டு பேரும் தடாகத்தில நிக்கிறியள். அந்த 11,520 லீற்றரில பெரும்பங்கு கழிவாத்தானே வெளியில வரும்? நகரத்தில கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லை. சுண்ணக்கல்லுக்குள்ள ஊறுகுழி வெட்டி விட்டால் வெடிப்பு வழியா நேர கிணத்துக்குப் போகும், நைத்திரேற்றும் கிருமியும் சேர்த்து. சுத்திகரிப்புத் தொட்டி வைச்ச இடத்திலயும் கரண்ட் பில்லுக்குப் பயந்து காத்தூதியை இரவில நிப்பாட்டினம். காத்தில்லாமல் கழிவைத் தின்னுற பக்ரீரியா செத்துப்போகும், பிறகு நாத்தம்தான்.

லிப்ற் குழியையும் மாரியில எட்டிப் பாருங்கோ. நீர்புகாப் பூச்சும் தண்ணி இறைக்கிற மோட்டரும் இல்லாட்டி அடியில இருக்கிற ஸ்பிரிங்கும் சுவிச்சும் துருப்பிடிக்கும். கரண்ட் நிண்டால் லிப்ற்றைக் கிட்டின மாடிக்குக் கொண்டுபோற பற்றரியை ரெண்டு மூண்டு வருசத்தில மாத்தவேணும். ஜெனரேற்றர் வீட்டுக்குள்ளயும் குடுக்குதோ, லிப்ற்றுக்கும் மோட்டருக்கும் மட்டுமோ எண்டதை எழுத்தில வாங்குங்கோ. சுமை இல்லாமல் சும்மா ஓடவிட்டால் எரியாத டீசல் புகைக்குழாயில தார் மாதிரிப் படியும்.

நல்லூர்_நிலா:
சுத்திகரிப்புத் தொட்டியைப் பற்றி விளம்பரத்தில ஒரு வரியும் இல்லை எண்டது உண்மைதான். அதுக்குத் தனிக் கரண்ட் மீற்றரும் காத்தூதி ஓடின மணித்தியாலப் பதிவும் காட்டினால், தடாகத்துக்கும் சேர்த்துக் கட்டலாம் எண்டதுதான் இப்பவும் என்ர நிலைப்பாடு.

கொக்குவில்காரன்:
நான் தடாகத்துக்கு இல்லை எண்டுதான் சொல்லுவன். ஆனால் வீடு பார்க்கப் போறவை தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கோ. காத்துக்குமிழி வருதோ எண்டு பார்த்திட்டு முற்பணம் குடுங்கோ.