சென்ட் எமிலியோனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

லாக்கூர்நெவ் மகள்:
அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார், வயது 68. மூன்று மாத விசாவில் பாதி, பாரிஸ் லா சப்பல் தமிழ்க் கடைகளிலும் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டிலுமே கழிந்துவிட்டது. செப்டெம்பரில் எனக்கு நான்கு நாள் விடுமுறை. கணவருக்கு போர்தோ பக்கத்து வைன் ஊரான சென்ட் எமிலியோன் பார்க்க ஆசை. அம்மாவோ, “சாராய ஊரில் எனக்கு என்ன பிள்ளை வேலை?” என்கிறார். முழங்கால் வலியும் உண்டு. மது தொடாதவருக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

துலூஸ்காரன்:
கடை, போத்தல், விலைச்சீட்டு. மூன்றாவது தெருவில் எனக்கு அலுத்துவிட்டது. அர்க்கஷோன் கடற்கரைக்குப் போங்கள்.

போர்தோ மருமகன்:
துலூஸ்காரர் நிலத்துக்கு மேலே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மது தொடாத என் மாமியாரை அங்கே கூட்டிக்கொண்டு போனவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்: தாராளமாகப் போங்கள்.

ஊரின் நடுவில் ஒரு தேவாலயம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே முழுக் கோயிலையும் எடுத்திருக்கிறார்கள். பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டு வேலை. மேல் சதுக்கத்தில் மணிக்கூண்டு நிற்கிறது. அதற்கு நேர் கீழே பாறைக்குள் கோயில். சுற்றுலா அலுவலக வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுங்கள். மணிக்கூண்டின் பாரத்தில் தூண்கள் நலிந்துபோனதால் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். மாமியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இதற்கும் முழங்கால் வருத்தம்தான்” என்றார்.

அதே சுற்றில் எமிலியோன் இருந்த குகையும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் பக்கமிருந்து வந்த துறவி, ஊரின் பெயரே அவர் பெயர்தான். பிரபு வீட்டு ரொட்டியை ஏழைகளுக்காக அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போனபோது பிடிபட்டாராம். திறந்து காட்டச் சொன்னால், ரொட்டி விறகுக்கட்டையாகியிருந்ததாம். குகைக்குள் பாறையில் வெட்டிய ஒரு கதிரை இருக்கிறது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் இன்றும் அதில் உட்காருகிறார்கள். மாமியார் என் மனைவியைப் பிடித்து உட்கார வைத்தார். வீட்டில் ஏற்கெனவே மூன்று. நான் வெளியே வந்துவிட்டேன்.

தோட்டங்களைப் பார்த்ததும் மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். யாழ்ப்பாணத்து இணுவில்காரர், அவருக்கு முந்திரிகை என்றால் தலைக்கு மேல் பந்தல், கீழே நிழல். இங்கே இடுப்பளவில் கம்பிக்கட்டி நிறுத்திய வரிசைகள். “வளரவிடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள், பாவம்” என்றார். பெரும்பாலும் மெர்லோ என்ற இனம், இடையிடையே கபர்னே ஃப்ரான் என்ற இனம். குளிர்கால மழையைச் சுண்ணாம்புக்கல் உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும் என்று விளக்கினேன். எங்கள் கிணற்றடிக் கல்லும் அதே இனம் என்றதும் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டிப் பார்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது ஊரோடு இந்தத் தோட்டங்களும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்தே சேர்ந்தன. கடைத்தெருவோடு திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும்.

முழங்கால் விஷயம்தான் சிக்கல். சதுக்கங்களை இணைக்கும் சந்துகள் செங்குத்தானவை. கற்கள் தேய்ந்து வழவழவென்று இருக்கும். நான் தோல் சப்பாத்தோடு போய்ச் சறுக்கி, வாங்கிய ஒரே போத்தலையும் உடைத்தேன். மாமியார் முகத்தில் அன்று பார்த்த நிறைவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ரயில் நிலையம் தோட்டங்களுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. மேடேறி நடக்க இருபது நிமிடத்துக்கு மேலாகும். பக்கத்து ஊரான லிபூர்னில் இறங்கி டாக்சி பிடியுங்கள். திரும்பும் டாக்சிக்கும் அப்போதே பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டு, சுவரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மாமியாரின் மௌனத்தைக் கேட்டேன்.

காஞ்சிபுரத்து வாசகி:
முந்திரிகையா? பிரான்சில் முந்திரிப் பருப்பு எப்படி விளைகிறது என்று பாதி பதிவு வரை குழம்பிக்கொண்டிருந்தேன்!

போர்தோ மருமகன்:
எங்கள் பக்கம் முந்திரிகை என்றால் திராட்சைதான், அம்மா. உங்கள் முந்திரியை நாங்கள் கசு என்போம்.

ரென் நகரத்தான்:
ஒன்று விட்டுவிட்டார். அந்த ஊர் மக்கரோன் என்ற இனிப்பு. 1620இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது. பாதாம், முட்டை வெள்ளை, சர்க்கரை, அவ்வளவுதான். பாரிஸ் மக்கரோன் போல வண்ணமோ நடுவில் கிரீமோ கிடையாது. தாளில் ஒட்டியபடியே பெட்டியில் வரும், உரித்துச் சாப்பிட வேண்டும். இன்னொன்று: செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு அங்கி போட்ட, ஜுராட் என்ற பழைய ஊர்ச் சபையார் அரசர் கோபுரத்தில் ஏறி அறுவடை தொடங்கலாம் என்று அறிவிப்பார்கள். 1199இல் இங்கிலாந்து அரசர் ஜான் கொடுத்த பட்டயத்தில் வேர்விட்ட சபை. இடையில் அற்றுப்போய் 1948இல் உயிர்பெற்றது. நாள் பொருந்தினால் விடாதீர்கள். கூட்டம் நெரியும், அம்மாவுக்கு முதலிலேயே இடம் பிடித்துவிடுங்கள்.

லாக்கூர்நெவ் மகள்:
எல்லோருக்கும் நன்றி. மக்கரோன் வெள்ளிக்கிழமை ஆகாது, முட்டை. மற்றதெல்லாம் வாசித்துக் காட்டினேன். தூண் கதைக்குச் சிரித்தார். கல் கதிரைக் கதைக்குச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, லண்டனில் இருக்கும் என் தங்கையையும் வரச் சொல் என்றார். நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தங்கையிடம் மணிக்கூண்டு பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.