தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதிகள்: பரோசாவா, மெக்லாரன் வேலா? எங்கே தங்கினீர்கள்?

வண்டிக்காரன்:
மெல்போர்னிலிருந்து அடிலெய்டுக்குக் காரில் எட்டு மணி நேரம். முதல் தடவை போனபோது யோசிக்காமல் பரோசாவில் அறை போட்டேன். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் என்றால் பரோசா என்று மண்டையில் ஏறியிருந்தது. வீட்டில் குடிப்பது நான் மட்டும்தான். மனைவிக்கு அந்த வாசனையே ஆகாது, மகளுக்கு ஆறு வயது. வண்டி ஓட்டுவதும் நான்தான்.

ஜனவரி, 41 டிகிரி வெயில். ஜெர்மானியர்கள் 1842 முதல் குடியேறிய பகுதி அது. அங்கே டனுண்டா என்ற ஊரில் லூத்தரன் தேவாலயம், பேக்கரி எல்லாம் அரை மணியில் பார்த்தாகிவிட்டது. "அப்பா, இங்க நான் என்ன பண்றது?" என்றாள் மகள். எனக்கும் பெரிய கொண்டாட்டம் இல்லை. இரத்தத்தில் மது அளவு 0.05 சதவீதத்தைத் தாண்டினால் லைசென்ஸுக்கு ஆபத்து, அங்கே ஷிராஸில் மது 14.5 சதவீதம் என்பது சாதாரணம். காசு கொடுத்து வாங்கி, வாய் கொப்பளித்துக் கிண்ணத்தில் துப்பிவிட்டு வந்தேன்.

செப்பல்ட்ஸ்ஃபீல்டு என்ற ஒயின் ஆலையில் மட்டும் துப்பவில்லை. 1878 முதல் வருடா வருடம் டானி என்ற இனிப்பு ஒயினைப் பீப்பாயில் ஒதுக்கி, நூறு வருடம் ஆன பிறகே விற்பனைக்கு எடுக்கிறார்கள். நாம் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு ருசி பார்க்கலாம். கருப்பட்டிப் பாகில் உலர்திராட்சையை ஊறவைத்த மாதிரி இருந்தது.

இன்னொரு தோட்டத்தில் மகள் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஓட, ஊழியர் பதறி ஓடிவந்து மறித்தார். குழந்தையைத் திட்டுகிறாரே என்று எனக்குக் கோபம். அப்புறம்தான் விளக்கினார். ஃபிலாக்ஸெரா என்று திராட்சைக் கொடியைச் சாகடிக்கும் ஒரு வேர்ப்பூச்சி, செருப்பில் ஒட்டிய மண்ணோடு வருமாம். தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்னும் நுழையவில்லை, அதனால்தான் 1843இல் நட்ட கொடிகள்கூட அங்கே இன்றும் காய்க்கின்றன. எங்கள் பக்கத்து யாரா பள்ளத்தாக்கில் 2006இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் யாராவில் அதே செருப்போடு சுற்றியிருந்தோம். வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினேன்.

அடுத்த தடவை மெக்லாரன் வேல், அடிலெய்டுக்குத் தெற்கே முக்கால் மணி. வில்லங்கா என்ற ஊரில் வீடு எடுத்தேன். பெயரைக் கேட்டதுமே "வில்லங்கம்தான்" என்றாள் மனைவி. ஆனால் அவளுக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது. காலையில் போர்ட் வில்லங்கா கடற்கரை, சனிக்கிழமை உழவர் சந்தை. பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கி மெக்லாரன் வேல் வரை விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் அதில் நடந்துபோய் கிரெனாஷ் என்ற சிவப்பு ஒயின் குடித்துவிட்டு நடந்தே திரும்பினேன். துப்பவில்லை.

சைக்கிள் அக்கா:
இன்னும் வடக்கே போங்கள் தம்பி, கிளேர் பள்ளத்தாக்கு. அங்கேயும் பழைய ரயில் தடம்தான். 1983 காட்டுத்தீயில் பாதை வீணாகி, இப்போது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினின் பெயரில் ரீஸ்லிங் டிரெயில் என்று சைக்கிள் ஓடுகிறது. ஆபர்னில் தங்கி, வாடகைச் சைக்கிளில் கிளேர் வரை போனோம். நடுவில் செவன்ஹில், 1851இல் இயேசு சபைப் பாதிரியார்கள் பூசைக்கு ஒயின் செய்ய ஆரம்பித்த இடம். ஆனால் சைக்கிளில் போனாலும் அளவோடுதான் குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரர் மூன்றாவது ஒயின் கடை தாண்டியதும் வேலியோரம் சாய்ந்தார். முழங்கால் சிராய்ப்போடு போனது.

மதுரைக்காரன்:
ஊரிலிருந்து அம்மா வந்திருந்ததால் நாங்கள் அடிலெய்டு மலைப்பகுதியில், ஹான்டார்ஃபில் தங்கினோம். சமவெளியைவிட வெயில் குறைவு. கோடையில் ஸ்ட்ராபெரி பறிக்க விடுகிறார்கள், அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒயின் பக்கம் நான் ஒரு மதியம்தான் போனேன், அதுவும் மலையில் விளைந்த பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் ஒரே ஒரு கிளாஸ். அம்மா வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த திராட்சைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பறிச்சுத் திங்க ஒரு கொத்து தர மாட்டான், எதுக்குடா இத்தன ஏக்கர் நட்டு வச்சிருக்கான்?"