தகட்டில் என்ன எழுத்து?

ஒழுங்கைக்காரன்:
நேற்று இதே தளத்தின் வேறோர் உரையாடல் திரியில் ‘பழைய ஏ40’ என்ற ஐயா ஒருவர் தீர்ப்பு வழங்கியிருந்தார். யாழ்ப்பாண நகருக்குள் டபிள்யூ.பி. (மேல் மாகாணம்) இலக்கத்தகட்டோடு ஓடும் வாகனங்களிடம் மாநகரசபை தனியாக ஆண்டுக் கட்டணம் அறவிட வேண்டுமாம். அதுவரை அந்த வாகனக்காரர்கள் வீதியைப் பற்றி வாய் திறக்கக் கூடாதாம். என் காரிலும் அந்தத் தகடுதான். கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. ஊரோடு வந்து ஆறு வருடமாகிறது. மாநகரசபைக்கு வீட்டுக்கான சோலைவரியைத் தவறாமல் கட்டுகிறேன். எங்கள் ஒழுங்கையில் (சிறு தெருவில்) குழாய் பதிக்கக் கிண்டி, மண்ணை மேலால் தள்ளிவிட்டுப் போன பள்ளத்தில் போன மாதம் என் முன் ரயரும் றிம்மும் போய்விட்டன. இரண்டு ஆங்கில எழுத்துக்காக நான் ஊமையாக வேண்டுமா?

பழைய ஏ40:
கூப்பிட்டதால் வந்தேன். தம்பி, என் கேள்வி ஒன்றே ஒன்று. உமது தகட்டில் என்ன எழுத்து? டபிள்யூ.பி. என்று நீரே எழுதிவிட்டீர். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் கண்ணாடியில் ஒட்டும் வரிப்பத்திரத்தின் காசு மேல் மாகாணத்துக்குப் போகிறது. பம்பலப்பிட்டியில் அருச்சனைச் சீட்டு எடுத்துவிட்டு, நல்லூரில் வந்து நின்று பிரசாதம் எங்கே என்று ஐயரை அதட்டுகிறீர்.

ஒழுங்கைக்காரன்:
நல்லூரில் அருச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். அதை எடுத்தவரிடம் நீ எந்த மாகாணம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. உவமையையாவது யோசித்து எழுதுங்கள்.

கோப்புப்புழு:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். வரிப்பத்திரக் காசு எந்தத் தகடாக இருந்தாலும் மாநகரசபைக்குப் போவதில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணத்தை மாகாணத்திடம் கொடுத்தது. பிரதேச செயலகத்தில் கட்டினாலும் அது மாகாண நிதிதான். மாநகரசபைக்கு உள்ளவை சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், மாகாணத்தின் ஊடாக வரும் முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை. வீதிகளும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. கண்டி வீதி போன்ற ஏ வகுப்பும் பி வகுப்பும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. சி, டி மாகாணத் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள்தான் உள்ளூராட்சி மன்றத்துக்கு. ஆகவே ஒழுங்கைக் குழியைப் பற்றிக் கேட்க முதல் உரிமை சோலைவரி கட்டுகிறவருக்கு. தகட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பழைய ஏ40:
நீண்ட விளக்கம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) முப்பது வருடம் இருந்தவனுக்கே பாடம் எடுத்ததற்கு நன்றி. ஆனால் தகட்டில் என்ன எழுத்து என்பதற்கு இதில் பதில் இல்லை.

கோப்புப்புழு:
தகடு தேவையில்லை என்பதுதான் பதில்.

பழைய ஏ40:
அது பதில் அல்ல, நழுவல். மாகாணத்துக்காவது போகிறது அல்லவா? வட மாகாணத்துக்கு வர வேண்டியது மேல் மாகாணத்துக்குப் போனால் இழப்பு யாருக்கு?

கோப்புப்புழு:
இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதை மாகாணத்திடம் கேளுங்கள், மாநகரசபையிடம் அல்ல. ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரிலேயே முடிந்துவிட்டது.

ஸ்காபரோ பனி:
தூரத்திலிருந்து ஒரு செய்தி. ரொறன்ரோ மாநகரசபை 2008 செப்ரெம்பரில் இதே வேலையைச் செய்தது. மாகாணம் எடுக்கும் கட்டணத்துக்கு மேலதிகமாக, நகரவாசியின் ஒவ்வொரு காருக்கும் வருடம் 60 டொலர். சனம் திட்டித் தீர்த்தது. 2011 ஜனவரியோடு தூக்கிவிட்டார்கள். 2022இல் ஒன்ராறியோ மாகாணமும் தகட்டு ஒட்டிக் கட்டணத்தை நிறுத்தியது. வரி இருந்தபோதும் பங்குனியில் குழி வந்தது, வரி போன பிறகும் பங்குனியில் குழி வருகிறது.

பழைய ஏ40:
அங்கே குழி போடுவது பனி. இங்கே குழி போடுவது மண்வெட்டி. ஒப்பிடாதீர்.

ஸ்காபரோ பனி:
நான் ஒப்பிட்டது வரியை. ஊரில் இரண்டு வீட்டுக்குச் சோலைவரி அனுப்புகிறேன், எனக்குப் பேச உரிமை உண்டு.

பழைய ஏ40:
இரண்டு வீடும் பூட்டிக் கிடக்கின்றன அல்லவா? பூட்டிய வீட்டுக்கு வீதி எதற்கு?

கொக்குவில் சைக்கிள்:
எல்லோரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். வேடிக்கை ஒன்று சொல்கிறேன். உள்ளூராட்சி மன்றங்களுக்கு ‘வாகனங்கள், விலங்குகள் வரி’ என்று ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். மோட்டார் கார் அதில் கிடையாது. என் சைக்கிளுக்கு 4 ரூபாய் உண்டு. மாட்டுவண்டிக்கு உண்டு. யானைக்கு 50 ரூபாய். ஆக, சட்டப்படி சபைக்கு நேராக வண்டி வரி கட்ட வேண்டியவன் நான்தான். ஒழுங்கையில் கார்க்காரர் ஹோர்ன் அடித்தால் இனி ஒதுங்க மாட்டேன்.

பழைய ஏ40:
கொக்குவில் நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. நாங்கள் பேசுவது மாநகர எல்லையை. உமக்கு இங்கே அலுவல் இல்லை.

கொக்குவில் சைக்கிள்:
நாள்தோறும் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிக்கொண்டு நகருக்குள் மிதிக்கிறேன். எல்லைக்கல்லில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரவா?

கந்தர்மடத்தாள்:
ஒன்று கேட்க வேண்டும். இந்த ஐயா எல்லோரையும் ‘நீர்’, ‘உமக்கு’ என்று எழுதுகிறார். இங்கே வயதில் மூத்தவர்களும் இருக்கிறார்கள்.

பழைய ஏ40:
நீர் என்பது மரியாதைச் சொல், பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

கந்தர்மடத்தாள்:
நான் இங்கே பிறந்தவள்தான். நீர் என்று யார் யாரை அழைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளை என்பதையும் நிறுத்துங்கள், எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.

பழைய ஏ40:
சரி, அம்மா. உங்கள் வீட்டு வாகனத்தின் தகட்டில் என்ன எழுத்து?

கந்தர்மடத்தாள்:
என்.பி., வட மாகாணம். அந்த ஒழுங்கையில்தான் நானும் போகிறேன். என்.பி.யைக் கண்டதும் குழி மூடிக்கொள்ளவில்லை.

ஒழுங்கைக்காரன்:
அக்கா, இந்தத் திரியில் பிரயோசனமாக எழுதப்பட்ட முதல் வரி இது.

கோப்புப்புழு:
என் வரிகள் பிரயோசனமில்லையா? நல்லது. ஐயாவிடம் ஒரு சந்தேகம். மாகாண எழுத்துகள் தகட்டில் ஏறியது 2000ஆம் ஆண்டளவில். அதற்கு முந்திய வாகனங்களில் எந்த மாகாணமும் இல்லை. உங்கள் பெயரைப் பார்த்தால் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தகட்டில் என்ன எழுத்து?

(நான்கு மணி நேரம் யாரும் எழுதவில்லை)

பழைய ஏ40:
ஈ.எல். அது வேறு கதை. அந்தத் தகட்டின் பெருமை உங்களுக்குத் தெரியாது. 1957 ஜனவரியில் சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தகட்டில் திணித்தபோது இந்த ஊர் கொதித்தது. 1958இல் சிங்கள ஸ்ரீயைத் தாரால் அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். எங்கள் கார் அதற்கு முந்தியது, ஆகவே தகட்டில் அந்தக் கறை ஏறவில்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி உயிர் கொடுத்து, பிறகு எண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் புகை போகும், உள்ளே பதினொரு பேர் இருப்போம்.

கொக்குவில் சைக்கிள்:
அன்று எழுத்தின் மேல் பூசத் தார் கிடைத்தது. இன்று குழிக்குள் ஊற்றத் தார் இல்லை.

ஒழுங்கைக்காரன்:
ஆக, ஐயாவின் தகட்டில் எந்த மாகாணமும் இல்லை. ஐயாவின் சட்டப்படி ஐயாவும் வாய் திறக்கக் கூடாது.

பழைய ஏ40:
நான் வரிப்பத்திரத்தை இங்கே பிரதேச செயலகத்தில் எடுக்கிறேன். என் விலாசம் யாழ்ப்பாணம்.

கோப்புப்புழு:
அப்படியானால் விலாசம்தான் முக்கியம், எழுத்து அல்ல என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

பழைய ஏ40:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய தகட்டுக்கு ஒரு நியாயம், டபிள்யூ.பி.க்கு இன்னொரு நியாயம்.

ஸ்காபரோ பனி:
ஐயா, இது அசல் ஏ40ஆ? சோமசெற்றா, கேம்பிரிட்ஜா? என் தகப்பனாரிடமும் ஒன்று இருந்தது. காபரேற்றர் இப்போது எங்கே எடுக்கிறீர்கள்?

பழைய ஏ40:
சோமசெற். காபரேற்றரை வாங்குவதில்லை, கழுவுவோம். நீர் முன்பே இதைக் கேட்டிருந்தால் நான் பூட்டிய வீட்டைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். அடுத்த முறை ஊருக்கு வந்தால் வாரும், ஒரு சுற்றுப் போகலாம்.

ஒழுங்கைக்காரன்:
எங்கள் ஒழுங்கைப் பக்கமும் ஒரு சுற்று வாருங்கள் ஐயா. சோமசெற்றின் அச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம்.

பழைய ஏ40:
அந்தப் பக்கம் நான் வருவதில்லை. குழி அதிகம்.

கந்தர்மடத்தாள்:
இதை யாராவது படம் எடுத்து வையுங்கள்.

பழைய ஏ40:
சிரிக்க வேண்டாம். குழி இருப்பதை நான் எந்த இடத்தில் மறுத்தேன்? அதைப் பற்றி யார் கேட்பது என்பதே என் கேள்வி. ஒழுங்கைக்காரத் தம்பி ஆறு வருடமாக இங்கே இருக்கிறார் என்கிறார். ஆறு வருடத்தில் காரை யாழ்ப்பாண விலாசத்துக்கு மாற்ற ஒரு நாள் கிடைக்கவில்லையா? பதில் வரட்டும்.

பழைய ஏ40:
இன்னும் பதில் வரவில்லை.

பழைய ஏ40:
காலை எட்டு மணி. பதில் இல்லை. தகட்டில் என்ன எழுத்து?