1941-ஆம் ஆண்டு பிரீஸ்ட்லி பதக்கம் தாமஸ் மிட்ஜ்லிக்கு வழங்கப்பட்டதை மாணவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: மேல்நிலை வேதியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் சுற்றுச்சூழல் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தபோது, குளோரோஃபுளோரோகார்பனைக் குளிர்பதனப் பொருளாக உருவாக்கியவரும் பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலக்கும் வழியைக் கண்டவரும் ஒருவரே, அவர் தாமஸ் மிட்ஜ்லி என்று சொன்னேன். "அவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள், மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். தண்டனை எதுவும் இல்லை, அமெரிக்க வேதியியல் கழகத்தின் மிக உயரிய விருதான பிரீஸ்ட்லி பதக்கத்தை 1941-இல் அவர் பெற்றார் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. தீங்கு தெரியாமல் கொடுத்தார்களா, தெரிந்தும் கொடுத்தார்களா என்று அடுத்த வகுப்பில் கேட்பார்கள். அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் அம்மா. பதக்கத்தின் வரலாற்றை முதலில் பார்த்தால் சற்றுத் தெளிவு கிடைக்கும். 1774 ஆகஸ்ட் 1 அன்று பாதரச ஆக்சைடைச் சூடேற்றி ஆக்சிஜனைப் பிரித்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1791-இல் பர்மிங்காமில் கலகக்காரர்கள் தம் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்த பிறகு, 1794-இல் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாவின் நார்தம்பர்லாந்தில் குடியேறினார். அந்தக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டை அதே ஊரில் கொண்டாடக் கூடிய வேதியியலாளர்களிடையே எழுந்த எண்ணமே 1876-இல் அமெரிக்க வேதியியல் கழகமாக உருவெடுத்தது. பதக்கம் 1922-இல் நிறுவப்பட்டது. 1923-இல் ஐரா ரெம்சன் அதை முதலில் பெற்றார். 1944 வரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வழங்கினார்கள்.

1929-இல் இதைப் பெற்ற பிரான்சிஸ் கார்வன் வேதியியலாளரே அல்லர், வழக்கறிஞர். அமெரிக்க வேதித் தொழிலின் வளர்ச்சிக்குத் துணைநின்றதற்காக அவரைச் சிறப்பித்தார்கள். ஆகவே அந்நாளில் இப்பதக்கம் அறிவியல் நுட்பத்தை மட்டுமன்றித் தொழில்துறைக்குச் செய்த தொண்டையும் எடைபோட்டது என்றே கருதுகிறேன். அந்தத் தராசில் மிட்ஜ்லிக்கு இணையாக நிற்கக்கூடியவர்கள் மிகச் சிலரே.

மறுமொழி 2

மாணவியின் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு கண்டுபிடிப்புகளையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

அக்காலக் குளிர்பதனப் பெட்டிகளில் கந்தக டைஆக்சைடு, அமோனியா, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்களே இருந்தன. கசிந்தால் வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. 1930-இல் மிட்ஜ்லி வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் தம் புதிய வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, மெல்ல ஊதி, எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீப்பற்றவும் செய்யாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எவரும் கேட்டிருக்க முடியாது. அந்த வாயு எதனுடனும் எளிதில் வினைபுரியாததால்தான் சிதையாமல் மேல்வளிமண்டலம் வரை செல்கிறது என்பதையும், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு வெளிப்படும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்பதையும் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-இல்தான் எடுத்துரைத்தார்கள். இதற்காக 1941-இன் தேர்வுக் குழுவைக் குறைசொல்வது நியாயமன்று.

காரீயத்தின் கதை அப்படியன்று. அது நஞ்சு என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த செய்தி. பெட்ரோலில் கலந்த காரீயச் சேர்மமான டெட்ரா எத்தில் லெட்டைக் கையாண்டதால் மிட்ஜ்லிக்கே உடல்நலம் கெட்டு, 1923-இன் தொடக்கத்தில் அவர் ஓய்வெடுக்கச் சென்றார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துப் போனார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் செய்தியாளர்கள் முன்னிலையில் மிட்ஜ்லி அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றித் தேய்த்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். தமக்கு நேர்ந்ததை அறிந்திருந்த ஒருவர் அப்படிச் செய்ததை என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. 1925-இல் அரசு கூட்டிய மாநாட்டில் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் வெளிப்படையாகவே எதிர்த்தார். பதினாறு ஆண்டுகள் கழித்துப் பதக்கம் கொடுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர்.

மறுமொழி 3

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த மாநாட்டுக்குப் பிறகு விற்பனை மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அரசே ஒப்புக்கொண்ட பொருளை விருதுக் குழு மட்டும் மறுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாமா?

என் தந்தையார் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருந்தார். மாலையில் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அதில்தான் கைக் கறையைக் கழுவுவார். பிளக் முனையில் படிந்ததை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, எழுந்த தூசியை வாயால் ஊதுவார். இந்தியாவில் 2000-இல்தான் காரீயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது என்பதால், அதுவரை அவர் ஊதியது என்ன தூசி என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. டப்பாவில் எழுதியிருக்கவும் இல்லை.

மறுமொழி 4 (இரண்டாம் மறுமொழி எழுதியவர்)

உங்கள் தந்தையாரைப் பற்றி எழுதியதற்கு நன்றி, நண்பரே. நீங்கள் சொன்ன அந்தக் கடைசிச் செய்திதான் என் மனத்தை உறுத்துகிறது. விற்பனைக்கு வந்தபோது அந்தப் பொருளுக்கு வைத்த பெயர் 'எத்தில்'. காரீயம் என்ற சொல்லே அதில் இல்லை. அதைக் கலந்ததே எஞ்சின் தட்டலை, அதாவது எரிபொருள் சீரின்றி எரிவதால் எழும் அதிர்வொலியை, குறைக்கத்தான். அதற்கு எத்தனாலும் பயன்படும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அரசின் அனுமதி குழுவின் பொறுப்பைக் குறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், முழுமையாக நீக்கிவிடாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரீஸ்ட்லி தாம் பிரித்த வாயுவைக் கண்ணாடிக் குடுவைக்குள் ஓர் எலியிடம் சோதித்துப் பார்த்து, பிறகு தாமும் சுவாசித்தார் என்பதிலிருந்து வகுப்பைத் தொடங்குவேன். அதன்பின் கரும்பலகையில் 1924, 1930, 1941, 1974 என்ற நான்கு ஆண்டுகளை மட்டும் எழுதி, ஒவ்வோர் ஆண்டிலும் எது தெரிந்திருந்தது என்பதை மாணவர்களையே சொல்லச் சொல்வேன். பட்டறை நிகழ்வை, அதை எழுதியவர் அனுமதித்தால், பெயர் குறிப்பிடாமல் பகிர விரும்புகிறேன்.