சேர்விஸ் செய்த பிறகு அக்சிலேற்றர் வயர் இறுக்கம், அதுவும் விடியவில் மட்டும்

கோண்டாவிலான்:
அப்பா ஓடித் தந்த பஜாஜ் சி.ரி. 100 ஒன்று வைத்திருக்கிறேன். இதுவரை கராஜில் விட்டுத்தான் சேர்விஸ். போன ஞாயிறு யூரியூப்பில் இரண்டு வீடியோ பார்த்த துணிவில் நானே இறங்கினேன். எஞ்சின் ஒயில் மாற்றினேன், பிளக் கழற்றித் துடைத்தேன், செயின் இழுத்தேன். எல்லாம் பத்தரைக்கே முடிந்துவிட்டது. கை சும்மா இருக்கவில்லை. வயர்களுக்கும் எண்ணெய் விடுவோம் என்று பெற்றோல் டாங்கியைத் தூக்கி வைத்துவிட்டு, கிளச் வயரையும் அக்சிலேற்றர் வயரையும் ஹான்டில் பக்கத்தில் கழற்றி, எண்ணெய் விட்டுத் திரும்பப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமையில் சனி பிடித்தது அங்கேதான்.

திங்கள் விடிய ஐந்தே முக்காலுக்கு வேலைக்கு வெளிக்கிட்டேன். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கைபிடி தானாகத் திரும்பி வருவதில்லை. நான்தான் பிடித்துத் திருப்ப வேண்டும். அதுவரை எஞ்சின் கத்திக்கொண்டு நிற்கும். திருநெல்வேலிச் சந்தியில் கல்வியங்காட்டுப் பக்கம் திரும்ப ஹான்டிலை ஒடித்தேன். நான் முறுக்கவேயில்லை, வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. சந்தை வாசலில் கீரைக்கட்டு இறக்கிக்கொண்டிருந்த அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

புதினம் என்னவென்றால், வெயில் ஏறினால் பாதிப் பிரச்சினை இல்லை. மத்தியானம் கைபிடி டக்கென்று திரும்புகிறது. ஆனால் ஹான்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் எஞ்சின் சத்தம் ஏறுவது மட்டும் எந்த நேரமும் இருக்கிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் 'ஆர் உம்மைக் கழற்றச் சொன்னது' என்றுதான் முதல் கேள்வி வரும். அதனால் முதலில் இங்கே கேட்கிறேன்.

வேலணை ஓட்டம்:
தம்பி, முதலில் அதை ஓடுவதை நிறுத்தும். கிளச் வயர் அறுந்தால் தள்ளிக்கொண்டு வரலாம், அக்சிலேற்றர் திறந்தபடி நின்றால் ஆஸ்பத்திரிதான். வழியில் அப்படி இறுகினால் கிளச்சைப் பிடித்துக்கொண்டு சாவியை நிற்பாட்டும், வேறு யோசனை வேண்டாம்.

உம்மிடம் இருப்பது இரண்டு பிரச்சினை. ஒன்றாகப் போட்டுக் குழப்பாதையும். ஹான்டில் திருப்பும்போது சத்தம் ஏறுவது வயர் போகும் பாதையில் உள்ள பிழை. வயரின் வெளிக்கவர் எங்கேயோ பிடிபட்டிருக்கிறது. ஹான்டில் திரும்பக் கவரும் கூடவே அசைய வேண்டும். அசைய இடமில்லாவிட்டால் உள்கம்பி இழுபட்டு, நீர் முறுக்காமலே காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது) திறக்கும். டாங்கியைத் திரும்ப வைக்கும்போது அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் வயர் நசிந்திருக்கும், இல்லாவிட்டால் கவரின் நுனி அதன் குழியில் சரியாக உட்காராமல் இருக்கும். டாங்கியைத் தூக்கிப் பாரும். பிறகு கைபிடியின் லூஸையும் பாரும். என்னுடைய பழைய ஹொண்டாவுக்கு, கைபிடியின் விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீற்றர் வெறுமனே சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் எஞ்சின் கேட்க வேண்டும். ஒன்றுமே இல்லாமல் இழுத்துப் பூட்டியிருந்தாலும் இதே கூத்துதான்.

கோண்டாவிலான்:
அண்ணை, சொன்னது அச்சொட்டு. டாங்கியின் முன்பக்கத்தைத் தாங்குகிற ரப்பருக்குக் கீழே வயர் நசிந்து கிடந்தது. கவரில் ரப்பர் பதிந்த தடமே இருக்கிறது. எடுத்துப் பழைய பாதையால் விட்டேன், லூஸும் 4 மில்லிமீற்றர் அளவில் வைத்தேன். நடு ஸ்ராண்டில் நிறுத்தி ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினேன், சத்தம் மாறவேயில்லை.

ஆனால் இன்று விடியவும் முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். கைபிடி அதே இறுக்கம். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் நல்ல பிள்ளை.

சுன்னாகம் சுந்தரி:
கைபிடியின் ரப்பரையும் கழற்றிப் போட்டீர்களா? அதிகம் உள்ளே தள்ளிப் பூட்டினால் சுவிட்ச் பெட்டியில் உரசும். எனக்கு ஒருமுறை நடந்தது. ஆனால் அது மத்தியானமும் உரசும்தான். சும்மா சொல்லி வைத்தேன்.

மண்ணெண்ணெய்க் காலத்து ஆள்:
ஒரு கேள்வி. வயருக்குள் என்ன எண்ணெய் விட்டீர்?

கோண்டாவிலான்:
வீட்டில் இருந்த எண்ணெய்தான் ஐயா.

மண்ணெண்ணெய்க் காலத்து ஆள்:
வீட்டில் இருந்தது என்றால்?

கோண்டாவிலான்:
சரி, சொல்கிறேன். தேங்காய் எண்ணெய். தையல் மெசின் எண்ணெய் முடிந்துபோயிருந்தது, ஞாயிற்றுக்கிழமை கடையும் பூட்டு. குளியலறையில் இருந்த போத்தலைத்தான் எடுத்தேன்.

வேலணை ஓட்டம்:
கடவுளே.

மண்ணெண்ணெய்க் காலத்து ஆள்:
சிரிக்கவில்லை தம்பி. தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறையத் தொடங்கும். இது தை மாதம். விடிய எழும்பித் தலைக்கு வைக்கப் போனால் போத்தலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் விழுவதில்லை, நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கிறோம், இல்லையா? உம்முடைய வயருக்குள்ளும் அதுதான் நடக்கிறது. வெயில் ஏற உருகுகிறது, வயர் வழுக்குகிறது. கிளச் வயருக்குள்ளும் உறைந்துதான் இருக்கும். ஆனால் அதை இழுப்பது உம்முடைய நாலு விரல், திருப்பி இழுப்பது கிளச்சின் பலத்த ஸ்பிறிங்குகள். அதனால் அந்த இறுக்கம் உமக்குத் தெரியாது. அக்சிலேற்றரைத் திருப்பி இழுக்க இருப்பதோ காபரேற்றருக்குள் ஒரு மெல்லிய ஸ்பிறிங். அதற்கு அவ்வளவு பலம் இல்லை.

இரண்டு வயரையும் முழுதாகக் கழற்றும். அக்சிலேற்றர் வயரின் கீழ் நுனிக்குக் காபரேற்றரின் மேல்மூடியைத் திருகி எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் உருளை மூடியோடு சேர்ந்து வரும். அதன் நீளவெட்டு எந்தப் பக்கம் பார்த்தது என்று கழற்றும்போதே பார்த்து வையும். திரும்பப் போடும்போது அந்த வெட்டு உள்ளே இருக்கும் முனையில் சரியாக இறங்க வேண்டும். மாறிப் போட்டுத் திருகினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆனவுடனேயே அலறும்.

கழற்றிய வயரைக் கொடிக்கம்பியில் செங்குத்தாகக் கட்டும். மேல் நுனியில் பொலித்தீன் பை ஒன்றின் மூலையை வெட்டிக் கொழுவி, பழைய சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிச் சுற்றும். பைக்குள் மண்ணெண்ணெய் விட்டு, உள்கம்பியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிரும். கீழே தெளிவாகச் சொட்டும்வரை விட வேண்டும். வெயிலில் செய்தால் சுகம், எண்ணெய் இளகி வரும். பிறகு ஒரு பொழுது தொங்கவிட்டு, நன்றாக வடிந்த பிறகு மெல்லிய மெசின் எண்ணெய் சில துளி. உள்ளே பிளாஸ்ரிக் குழாய் வைத்த வயர் என்றால் அதுவும் வேண்டாம், உலர்ந்தபடியே வழுக்கும். கிறீஸை மட்டும் உள்ளே ஏற்றாதையும், தூசியைப் பிடித்துவைத்துக் களியாகிவிடும்.

1990க்குப் பிறகு, யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்த பெற்றோல் தடையில் என்னுடைய ஹொண்டா மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் இருக்கும் பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்கு ஊட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்தக் காலத்தில் புது வயருக்கு எங்கே போவது? கழுவிக் கழுவித்தான் பாவித்தோம்.

வேலணை ஓட்டம்:
ஐயா சொல்வது சரி, ஆனால் இப்போது கடையில் வயர் கிடைக்கிறதே. உள்கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கழுவி மினக்கெடாதையும், மாற்றும். நான் பண்ணைப் பாலத்தால் ஒவ்வொரு நாளும் வந்து போகிறவன், உப்புக்காற்று வயரைத் தின்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மற்றது, வயர் அறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, நுனியில் இருக்கும் ஈயக் குண்டுக்குப் பக்கத்தில். அந்தக் குண்டு அதன் குழிக்குள் சுழல வேண்டும். காய்ந்து இறுகினால் ஒவ்வொரு முறையும் கம்பிதான் மடியும். கிறீஸ் வைக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு பொட்டுப் போதும்.

மண்ணெண்ணெய்க் காலத்து ஆள்:
இழை அறுந்தால் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

கோண்டாவிலான்:
இரண்டு நாளாகத் தகவல் போடாததற்கு மன்னிக்கவும். அக்சிலேற்றர் வயரைக் கழுவினேன். முதலில் வந்தது வெள்ளைக் களி, பிறகு கறுப்பு, பிறகுதான் தெளிந்தது. உருளையை முதல் தடவை மாறித்தான் போட்டேன். ஐயா சொல்லியிருந்தபடியால் அலறியவுடன் விளங்கிவிட்டது, உடனே நிற்பாட்டினேன். கிளச் வயரில் லீவர் பக்கக் குண்டுக்குப் பக்கத்தில் இரண்டு இழை அறுந்து நின்றன. ஸ்ரான்லி வீதியில் புதிது வாங்கிப் போட்டேன். அது தேங்காய் எண்ணெயால் இல்லை, அப்பா காலத்து அறுவை.

இன்று விடிய ஐந்தே முக்கால், நல்ல பனி. கைபிடியை முழுக்க முறுக்கி விட்டேன், டக். மூன்று தரம் செய்து பார்த்தேன், அயல் வீட்டு நாய் எழும்பிவிட்டது. சந்தியில் கீரை அம்மா இருந்தா, நான் மெதுவாகப் போனதை அவ பார்க்கவேயில்லை.

வீட்டில் மட்டும் ஒரு விசயம் பாக்கி. குளியலறை எண்ணெய்ப் போத்தலின் மூடியில் கறுப்புக் கிறீஸ் விரல் அடையாளம் எப்படி வந்தது என்று அம்மா இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறா.