"மூணாவதுங்களா?"

எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் யூகேஜி படிக்கிறாள், சின்னவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இப்போது மூன்றாவது, ஏழாம் மாதம். திருப்பூரில் பல்லடம் ரோட்டுப் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். கணவருக்கு நிட்டிங் கம்பெனியில் வேலை, நான் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்.

மசக்கை, இடுப்பு வலி, தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் முந்தைய இரண்டு முறையும் பார்த்ததுதான். இந்த முறை புதிதாக வந்தது ஊராரின் பேச்சு. வயிறு தெரிய ஆரம்பித்ததிலிருந்து யார் எதிரே வந்தாலும் முதலில் வயிற்றைப் பார்க்கிறார்கள், அடுத்து என் இரண்டு பக்கமும் நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள், "மூணாவதுங்களா?" என்கிறார்கள். பையன் வேண்டும் என்றுதான் இவள் பெறுகிறாள் என்று அவர்களாகவே முடிவும் கட்டிவிடுகிறார்கள்.

உண்மை அது இல்லை. என் கணவர் ஒற்றைப் பிள்ளை. மாமனார் படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் தனி ஆளாக அலைந்தவர். கல்யாணமான புதிதிலேயே "நம்ம வீட்டுல மூணு பேராவது இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். நானும் கூடப்பிறந்தவர்களோடு அடித்துக்கொண்டும் கட்டிக்கொண்டும் வளர்ந்தவள்தான், எனக்கும் அதே ஆசை. ஏன் மூன்று என்று என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் பதில் முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

டவுன் பஸ்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். காலேஜ் பையன் ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. சின்னவளைப் பார்த்ததும் ஒரு துண்டு மல்லிகையைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ரெண்டும் பொம்பளப் புள்ளைங்களா கண்ணு?" என்றார். ஆமாங்க என்றேன். "கவலப்படாத. வயிறு கூம்பி இருக்குது. இது பையன்தான்."

மனதார, பாசமாகச் சொன்னார். அதனால் கோபப்படவும் முடியவில்லை, சிரித்து வைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெரியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி படுக்கும்போது கேட்டாள்: "அம்மா, நான் பையனா பொறந்திருந்தா இந்தப் பாப்பா வந்திருக்காதா?"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நீ பிறந்த அன்றைக்கு அப்பா கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார், அப்போதே மூன்று பேர் வேண்டும் என்று பேசிவிட்டோம் என்றேன். அவள் விடவில்லை. "அப்ப அந்தப் பாட்டி ஏன் கவலப்படாதன்னு சொன்னாங்க?" அவங்களுக்கு நம்ம வீட்டைப் பத்தித் தெரியாதுடா கண்ணு என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் சிரித்து மழுப்புவதில்லை. பிள்ளைகள் காதில் விழும்படி சத்தமாகவே சொல்கிறேன்: "எதுவா இருந்தாலும் சந்தோசம்தாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் கூட விளையாட ஒரு ஆள் வேணும்." பெரியவர்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் சரி. அந்த வார்த்தை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

காங்கேயத்தில் ஒரு கல்யாணம். கணவரின் பெரியம்மா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தத் தடவையாச்சும் ஒரு ஆண் வாரிசைக் குடுத்துரு அம்மிணி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையில் இருந்த கணவர், "அது என் பக்கத்துச் சமாச்சாரமுங்க பெரியம்மா, அவளக் கேக்காதீங்க" என்றார். இலையில் சோற்றைப் பிசைந்தபடியே விளக்கினார். அம்மாவிடமிருந்து வருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான், அப்பாவிடமிருந்து எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண், பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது என்றார். பெரியம்மாவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். ரசம் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு, "அப்ப எங்க மாமியா அத்தன வருசம் என்னயப் பேசுனாங்களே?" என்றார். எங்கள் இருவருக்கும் பேச்சு வரவில்லை. கை கழுவப் போகும்போது அவரே பெரியவளைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆபீஸுக்கு வந்துபோகும் ஒரு பெண்மணி வேறு மாதிரி. "தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குது, என்னன்னு சொல்லிருவாங்க" என்று காதோரம் சொன்னார். உடம்பெல்லாம் கூசியது. ஸ்கேன் சென்டர் சுவரில் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்! 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்பவருக்கு மட்டுமல்ல, சொல்லச் சொல்லிக் கேட்பவருக்கும் தண்டனை உண்டு. கேட்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும். கர்ப்பிணியைப் புருசனோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் கூட்டி வந்திருப்பார்கள் என்றே அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. எழுதியவர்களுக்கு நம் வீடுகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் "எனக்கு வேண்டாம், வேறு யாருக்கும் இதைச் சொல்லாதீங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் கிராம சுகாதார செவிலியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்தோறும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. முதல் நாள் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) போடும்போது, எத்தனையாவது என்று கேட்டு எழுதிக்கொண்டார். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.6 என்று வந்தது. 11க்குக் குறைந்தாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகைதான். "அடுத்தடுத்துப் பெத்து, பால் குடுத்து, உன் உடம்புல இருப்பே இல்ல. மாத்திரைய டீயோட போடாத, பாலோட போடாத, எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு" என்றார். மாத்திரை போதாமல், சலைன் பாட்டிலில் இரும்புச்சத்து மருந்தைக் கலந்து சில தவணை ஏற்றினார்கள்.

பாட்டில் இறங்கும் நேரத்தில் சின்னவளை மடியில் வைத்துக்கொள்ள முடியாது, ஊசி நகர்ந்துவிடும். செவிலியர் தன் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றிப் பெரியவள் கையில் கொடுத்தார். "டாக்டரம்மா, தங்கச்சி எத்தன உசரம்னு அளந்து சொல்லுங்க." பாட்டில் காலியாகும்வரை இரண்டு பேரும் பெஞ்சு, ஜன்னல், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் அளந்தார்கள். அப்புறம் என் வயிற்றை அளக்கும்போதும் டேப்பின் ஒரு நுனியைப் பெரியவளிடம் பிடிக்கச் சொன்னார். பாப்பா வளருதா என்று கேட்டதற்கு, "நீ புடிச்சதாலதான் சரியா அளவு தெரிஞ்சுது" என்றார். இப்போது வீட்டில் தினமும் என் வயிற்றுக்கு நூல்கண்டால் அளவு எடுக்கிறார்கள்.

கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான் என்பதையும் அவரே முதல் நாளில் சொல்லிவிட்டார். விடுப்பும் அப்படித்தான். முதல் இரண்டுக்கு 26 வாரம், மூன்றாவதுக்கு 12 வாரம், அதிலும் பிரசவத்துக்கு முன்னால் 6 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றாவது பிள்ளைக்கு என்று பிரசவ விடுப்பு மறுக்கப்பட்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுப்பு கொடுக்கச் சொன்னது. அவருடைய நிலைமை வேறு, முதல் இரண்டும் முந்தைய திருமணத்துப் பிள்ளைகள். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது யாரோ நமக்காகவும் பேசியது போல இருந்தது. மூன்றாவது பெற்றவளின் தையல் மட்டும் பாதி நாளில் ஆறிவிடுமா என்ன?

வீட்டில் பெரிய பாடு சின்னவளைத் தூக்குவதுதான். கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். நின்றபடி குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் நான் தரையிலோ திண்ணையிலோ உட்கார்ந்துவிடுகிறேன், அவளே ஏறி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். தூக்கு என்பதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது அவளுக்கு. ராத்திரி வயிற்றின் மேல் கால் போடுவாள் என்று நடுவில் ஒரு தலையணை.

பக்கத்து வீட்டு அக்கா கம்பெனியிலிருந்து பீஸ் வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவர். நான் ஆபீஸிலிருந்து வரும்வரை பிள்ளைகள் அவரிடம்தான். வெட்டி முடித்த பனியன்களைக் கலர் வாரியாக அடுக்குவது பெரியவளின் வேலை, அடுக்கியதைக் கலைப்பது சின்னவளின் வேலை. காசு கொடுத்தால் வாங்கமாட்டார். மாதச் சாமான் வாங்கும்போது அவருக்கும் சேர்த்து எண்ணெய், பருப்பு வாங்கி வைத்துவிடுகிறேன். மூணாவதா என்று அவரும் கேட்டார். "எந்த மாசம்? நான் அந்த மாசம் ஊருக்குப் போகாம இருந்துக்கறேன்" என்பதுதான் அவருடைய அடுத்த வார்த்தை.

பிரசவ சமயத்துக்கு என் அம்மா தாராபுரத்திலிருந்து வருகிறார். பகலில் பிள்ளைகளை அம்மாவும் அக்காவும் பார்த்துக்கொள்வார்கள். பெரியவளைப் பற்றிக் கவலையில்லை. சின்னவள்தான், ராத்திரி என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்கியதே இல்லை. இப்போதே வாரத்தில் சில நாள் அப்பா பக்கத்தில் படுக்க வைத்துப் பழக்குகிறோம். பாதி ராத்திரியில் எழுந்து என்னைத் தேடி வந்துவிடுகிறாள். இரண்டு வயசுப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் அந்த ராத்திரிகளை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.